மைக் இல்லாத வீணை

ஆசிரியருக்கு,

மார்கழிக் கச்சேரிகளில் ஒலிபெருக்கியின் இரைச்சல் பற்றிய தங்கள் தலையங்கத்தை முழு மனதோடு ஏற்கிறேன். இதில் அதிகம் இழப்பது வீணைதான். தந்தியை மெட்டின் (விரல் அழுத்தும் குறுக்குக் கட்டையின்) மேல் இழுத்து எழுப்பும் கமகமும் (சுரத்தின் அசைவும்), மீட்டிய பின் மெல்லத் தேயும் நாதமும் மற்ற மைக்குகளின் சத்தத்தில் மூழ்கிவிடுகின்றன. சென்ற ஆண்டு ஒரு வீட்டுக் கூடத்தில், 30 பேரோடு தரையில் அமர்ந்து, மைக் இல்லாமல் பைரவி ராக ஆலாபனையும், அந்த ராகத்தை லய நடையில் விரிக்கும் தானமும் கேட்டேன். நகம் தந்தியில் படும் ஓசைகூடக் காதில் விழுந்தது. அந்த நெருக்கத்தை அதற்கு முன் இரவு நேர வானொலிக் கச்சேரிகளில்தான் உணர்ந்திருக்கிறேன்.

சபாக்கள் ஒரு நாளையாவது இப்படிப்பட்ட சிறு அரங்கக் கச்சேரிக்கு ஒதுக்கட்டும். 1954-லேயே சங்கீத சம்மேளனம் என்ற இசை விழாவைத் தொடங்கிய ஆகாசவாணி அந்தச் சிறு அரங்கக் கச்சேரியை வெட்டாமல் முழுதாக ஒலிபரப்பட்டும். அப்புறம், வானொலிக் கச்சேரிகளின் நேரத்தை வாரம் ஒருமுறை தங்கள் நாளிதழ் வெளியிட்டால் தவறவிடாமல் கேட்போம்.

– ஒரு வாசகர், மயிலாப்பூர்