கஞ்சா விதைக்கும் ஓர் அலமாரி ஒதுக்குங்கள்

புது தில்லி, தேசியத் தாவர மரபணு வள நிறுவனத்தின் இயக்குநருக்கும் விஞ்ஞானிகளுக்கும்,

வணக்கம்.

நெல்லுக்கும் சோளத்துக்கும் விதை சேகரித்து வங்கியில் காத்து வைக்கும் உங்கள் வேலையைக் கஞ்சாவின் நாட்டு ரகங்களுக்கும் செய்யச் சொல்லித்தான் இந்தத் திறந்த மடல். நான் தேனிப் பக்கம் நாட்டு விதை சேர்த்துக் கைமாற்றிக்கொள்ளும் ஆட்களில் ஒருவன். கத்தரி, அவரை, மாப்பிள்ளைச் சம்பா என்றால் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம், நாங்களே பார்த்துக்கொள்வோம். இந்த ஒரு செடியை மட்டும் கொல்லையில் வைத்துக் காப்பாற்ற வழியில்லை. போலீஸ் வரும், வரவும் வேண்டும். புகைப்பதற்கு அனுமதி கேட்கும் கூட்டத்தில் நான் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போது என்ன அவசரம்? உத்தராகண்ட் 2018-இலேயே தொழிற்சாலை நாருக்கான சணல்கஞ்சாவுக்கு உரிமம் கொடுத்துவிட்டது. போதைப்பொருளான டிஎச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. இமாச்சல் அமைச்சரவையும் 2025 ஜனவரியில் சோதனைச் சாகுபடிக்கு ஒப்புதல் தந்தது. மலையில் தானாக முளைக்கிற செடி பெரும்பாலும் அந்த 0.3-க்குள் அடங்குவதில்லை. அப்புறம் என்ன, வெளி விதைதான். கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தம் காற்றில் கிலோமீட்டர் கணக்கில் போகும். ஒரு பள்ளத்தாக்கில் பத்து வயல் புது ரகம் போட்டால், சில வருடத்தில் சுற்றுவட்டாரம் முழுக்கக் கலப்பாகிவிடும். இமாச்சலின் குல்லு மாவட்டத்தில் மலானா, பார்வதி பள்ளத்தாக்குப் பக்கம் வெளிநாட்டுக் கலப்பின விதை நுழைந்தே பல வருடம் ஆகிறது.

கலந்தால் என்ன போயிற்று என்று கேட்பவர்கள் உத்தராகண்டின் குமாவோன் மலைப்பகுதியில் உள்ள அல்மோராவுக்குப் போய்ப் பார்க்கலாம். குமாவோன் வீடுகளில் பாங்கு என்கிற கஞ்சா விதையை வறுத்து, சீரகம், பச்சை மிளகாய், எலுமிச்சையோடு அரைத்துச் சட்னி செய்கிறார்கள். சாம்பல் நிறமாக, எள்ளுச் சட்னிக்குப் பக்கத்தில் வரும். விதையில் போதை கிடையாது. அதே செடியின் தண்டை ஊறப்போட்டு உரித்த நாரில்தான் கயிறு. குல்லு மலையில் பூவைக் கையால் தேய்த்துச் சரஸ் என்ற பிசின் எடுப்பதற்கென்று தேர்ந்து வந்த செடி வேறு. எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில் வளர்ந்தது இன்னும் வேறு. இடுக்கியில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். குல்லுவில் நான்கு மணி நேரத்துக்கும் மேல். பகல் குறைவதை வைத்தே பூக்கும் செடி இது. எனவே வடக்குச் செடி குளிருக்கு முன்னால் பூத்து முடிக்கிறது; தெற்குச் செடி உயரமாக, மெல்லிய இலையோடு, மாதக்கணக்கில் நிதானமாகப் பூக்கிறது. ஒன்றை இழந்தால் மற்றதை வைத்து ஈடுகட்ட முடியாது.

சட்டம் குறுக்கே நிற்கிறது என்று கோப்பைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் விளக்கத்திலேயே, பூக்கதிர் சேராத விதையும் இலையும் கஞ்சா ஆகாது. மருத்துவ, அறிவியல் தேவைக்கு 8-ஆம் பிரிவு வழிவிடுகிறது. சாகுபடி அனுமதி மாநில அரசின் கையில். ஜம்முவில் மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் ஆய்வு நிறுவனம் மருந்து ஆய்வுக்காக வளர்த்துக்கொண்டுதானே இருக்கிறது?

சேகரிக்கும் முறையில் மட்டும் நெல் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். நெல் தன் மகரந்தத்திலேயே சூல்கொள்வது, நாலு கதிர் எடுத்தால் ரகம் கிட்டத்தட்ட கைக்கு வந்துவிடும். கஞ்சாவில் பக்கத்துப் பக்கத்துச் செடியே வேறு வேறு. ஓர் ஊர் என்றால் ஐம்பது, நூறு தாய்ச்செடியிலிருந்தாவது விதை வேண்டும். பிறகு புதுப்பிக்க விதைக்கும்போது மகரந்தம் கலக்காத தனி இடம் வேண்டும். செலவு பிடிக்கும்தான். ஆனால் நன்றாக உலர்த்தி மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் நீண்ட காலம் தாங்கும். வீட்டுச் சுரைக்குடுக்கையில் சில வருடத்தில் முளைப்புத் திறன் போய்விடும்.

வங்கதேசத்து நவ்காவில் 1917 முதல் கஞ்சா விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமே இருந்தது. ஆண் செடியை இளசிலேயே கண்டு பிடுங்க 'கஞ்சா டாக்டர்' என்றே ஆட்கள் வங்காளத்தில் இருந்ததை கஞ்சாவைப் பற்றி ஆங்கிலேய அரசு அமைத்த 1893-94 ஆணையத்தின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. 1987-இல் சாகுபடி நின்றது. தடை செய்தது அவர்கள் முடிவு, அதைக் குறை சொல்லவில்லை. நிறுத்துவதற்கு முன் ஒரு பிடி விதையை எடுத்து வைப்பதற்கு எந்தத் தடையும் குறுக்கே வராது என்பதுதான் என் வாதம்.

ஆந்திரத்தில் 2021-இல் ஆபரேஷன் பரிவர்த்தனா என்ற பெயரில் ஆயிரக்கணக்கான ஏக்கரை வெட்டி எரித்தார்கள். இனி எங்கே எரித்தாலும், தீ வைப்பதற்கு முன் உங்கள் ஆள் ஒருவர் அங்கே நிற்கும்படி போதைப்பொருள் தடுப்புப் பிரிவோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். எந்த ஊரில், யார் காத்த விதை என்பதும் உறைமேல் இருக்கட்டும். நாளைக்கு ஒரு மருந்து நிறுவனம் அதில் லாபம் பார்த்தால், 2002 பல்லுயிர்ச் சட்டப்படி அந்த ஊர் பங்கு கேட்க அது வேண்டும். ஐரோப்பிய விதை வியாபாரிகள் கேரளா, மலானா என்று பெயர் போட்டு விற்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குப் பத்துப் பைசா வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்குச் சிம்லாவிலும் பவாலியிலும் திருச்சூரிலும் நிலையங்கள் இருக்கின்றன. மூன்றுமே இந்த ரகங்களின் வாசலில். தற்போது உங்கள் விதை வங்கியில் எத்தனை கஞ்சா மாதிரிகள் உள்ளன என்பதைப் பொதுவில் வெளியிடுங்கள். குமாவோனில் ஐப்பசி வாக்கில் விதை முற்றிவிடும். அதற்குள் பவாலியிலிருந்து ஒரு ஜீப்பாவது கிளம்பட்டும்.

இப்படிக்கு,
நாட்டு விதை சேகரிப்போரில் ஒருவன்,
தேனி மாவட்டம்