பயோகேஸ் ஸ்க்ரப்பர் வேலை செய்யாதது குறித்துப் புகார்

அனுப்புநர்
பொறுப்பாளர், கழிவுநீர்ப் பிரிவு,
எரிசாராய ஆலை.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஹைட்ரஜன் சல்ஃபைடு நீக்கும் ஸ்க்ரப்பரைச் சரிசெய்து தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். எங்கள் கழிவுநீரிலிருந்து கிடைக்கும் பயோகேஸில் (எரிவாயு) கலந்துவரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவை நீக்க நீங்கள் அமைத்துக்கொடுத்த ஸ்க்ரப்பர் (வாயுவைக் கழுவும் கோபுரம்) வேலை செய்யவில்லை என்று முன்பே எழுதியிருந்தோம். "உங்கள் கழிவுநீரில் சல்பேட் அதிகம்" என்று ஒரே வரியில் பதில் அனுப்பியிருக்கிறீர்கள். இதை ஏற்க முடியாது.

மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) கழிவுநீரில் சல்பேட் என்ற கந்தக உப்பு இருக்கத்தான் செய்யும். சர்க்கரை ஆலையில் சாற்றைத் தெளியவைக்கக் கந்தகப் புகை செலுத்துகிறார்கள். நொதிக்கவைக்கும்போது நாங்களும் சல்ஃப்யூரிக் அமிலம் சேர்க்கிறோம். கழிவை நுண்ணுயிர்கள் சிதைத்து வாயுவாக்கும், காற்றுப் புகாத டைஜெஸ்டர் தொட்டிக்குள் அந்தச் சல்பேட் ஹைட்ரஜன் சல்ஃபைடாகிறது. அதற்காகத்தானே ஸ்க்ரப்பரே வாங்கினோம்? வாயுவில் 3 சதவீதம், அதாவது 30,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும் என்ற ஆய்வறிக்கையை ஆர்டருக்கு முன்பே தந்தோம். அதைப் பார்த்த பிறகுதான் 200 பிபிஎம்முக்குள் குறைத்துத் தருவதாகக் கையெழுத்திட்டீர்கள்.

டைஜெஸ்டரில் குறையே இல்லை. கழியும் ஒவ்வொரு கிலோ சிஓடிக்கும் (கழிவுநீரின் கரிமக் கழிவைக் குறிக்கும் அளவு) ஏறத்தாழ அரை கன மீட்டர் வாயு வருகிறது. அதில் 60 சதவீதம் மீத்தேன்.

கோபுரத்தின் மூடியைக் கிரேன் வைத்துத் தூக்கிப் பார்த்தோம். தெளிப்பு முனைகளில் மஞ்சள் கந்தகக் களி அடைத்திருந்தது. உள்ளே நிரப்பிய பிளாஸ்டிக் வளையங்கள் ஒரு பக்கம் சொட்டு நீர் படாமல் காய்ந்து கிடந்தன. ஈரமில்லாத இடத்தில், ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கந்தகமாக்கும் பாக்டீரியா எப்படி வாழும்? வாயு அந்தப் பக்கமாகவே தப்பிப் போகிறது. முனைகளைக் கழற்றிக் கழுவ ஒரு வாசல்கூட வைக்காதது உங்கள் வடிவமைப்புக் குறை.

இந்த வாயுவில் ஓடி மின்சாரம் தரும் இன்ஜினின் ஆயில், மாற்ற வேண்டிய காலத்துக்கு வெகு முன்பே கறுத்து, அமிலமேறிவிடுகிறது. பேரிங்குகளில் அரிப்பு தெரிகிறது. இன்ஜினை நிறுத்திவிட்டு வாயுவை ஃபிளேரில் (உபரி வாயுவை எரிக்கும் குழாய்) எரிக்கிறோம். கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று ஆசையோடு கட்டிய நிலையம் இப்போது கந்தக டை ஆக்ஸைடைத்தான் காற்றில் விடுகிறது. பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.

அதைவிடப் பெரிய கவலை எங்கள் ஆட்களைப் பற்றியது. நீங்கள் பொருத்திய கசிவு எச்சரிக்கைக் கருவியும் பழுது. 100 பிபிஎம் அளவிலேயே இந்த வாயு மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும்; நாற்றம் இல்லை என்று நம்பி யாரும் அருகே போய்விடக் கூடாது. கருவியை மட்டும் உடனே மாற்றித் தாருங்கள், அதற்கு அவகாசம் கிடையாது.

மற்றபடி, 15 நாட்களுக்குள் உங்கள் பொறியாளர் நேரில் வந்து, எங்கள் முன்னிலையில் வாயுவை அளக்க வேண்டும். தெளிப்பு அமைப்பை உங்கள் செலவில் மாற்றி, இன்ஜின் பழுதுக்கும் ஈடு தர வேண்டும். 200 பிபிஎம் எட்டும் நாளிலிருந்தே உத்தரவாதக் காலம் தொடங்க வேண்டும். இல்லையேல் நிறுத்திவைத்துள்ள கடைசித் தவணையை விடுவிக்க மாட்டோம். கொள்முதல் ஒப்பந்தப்படி சட்ட நடவடிக்கையும் எடுப்போம்.

இப்படிக்கு,
பொறுப்பாளர், கழிவுநீர்ப் பிரிவு

இணைப்பு: வாயு ஆய்வறிக்கை, ஆயில் பரிசோதனை முடிவு, கோபுரத்தின் உட்புறப் படங்கள்.