கிட்டார் உன்னிடம் வரட்டும்

அன்புள்ள கல்பனா,

பையன் வேலை கிடைத்துப் போன பிறகு அவன் அறையில் சும்மா கிடந்த கிட்டாரை நீ எடுத்து வாசிக்க ஆரம்பித்திருக்கிறாய் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கல்லூரியில் நீ பாடுவாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து கிட்டாரில் கார்ட், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரங்கள், போடுவேன். "எனக்கும் சொல்லிக்கொடேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய், நேரம்தான் அமையவில்லை. இப்போதாவது அமைந்ததே!

ஆனால் கடிதத்தின் பின்பாதி எனக்குக் கவலை தந்தது. அரை மணி நேரம் வாசித்தால் கழுத்தும் வலது தோளும் இறுகிவிடுகின்றன, இடுப்பு வலிக்கிறது, இடது மணிக்கட்டு குடைகிறது, "வயசாகிவிட்டது, இனிமேல் எங்கே" என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். வயசை விடு. என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பத்து வயதுப் பிள்ளைகளும் இதே வலிகளைத்தான் சொல்கிறார்கள். உன் உடம்பு கிட்டாரைத் தேடிப் போகிறது, அதுதான் சங்கதி. முதலில் நீ சௌகரியமாக உட்கார வேண்டும். கிட்டார் உன்னிடம் வர வேண்டும். இந்த வரிசை மாறினால் எந்த வயதிலும் வலிக்கும்.

நீ பாடகி என்பது இங்கே பெரிய வசதி. ஒரு நீளமான வரியை ஒரே மூச்சில் பாடப் போகிறாய் என்று வைத்துக்கொள். எப்படி உட்காருவாய்? நாற்காலியில் சாயாமல், நெஞ்சை அமுக்காமல், தலை கழுத்தின் மேல் லேசாக நிற்க, தோள்கள் தளர்ந்து, வயிறு விரிய இடம் விட்டு உட்காருவாய். யாரும் சொல்லித்தர வேண்டாம், உன் உடம்புக்கே அது தெரியும். அப்படியே இருந்துகொண்டு, அப்புறம் கிட்டாரைக் கையில் எடு. எடுத்ததும் உடம்பில் எது மாறுகிறது என்று கவனி. தோள் ஏறுகிறதா, முதுகு வளைகிறதா, இடுப்பு ஒரு பக்கம் சரிகிறதா? மாறுகிற இடம் எதுவோ அதுதான் சரிசெய்ய வேண்டிய இடம். கிட்டார் மடியில் இருக்கும்போதும் அந்த வரியை அதே மூச்சில் பாட முடிந்தால், நீ சரியாக உட்கார்ந்திருக்கிறாய் என்று அர்த்தம். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

பெரும்பாலும் முதலில் உடம்பைக் கெடுப்பது கண். விரல் எந்தக் கம்பியில் இருக்கிறது என்று பார்க்க ஆசை. தலை முன்னால் போகும், அதைத் தொடர்ந்து முதுகும் வளையும். தலையின் எடை 4.5 முதல் 5 கிலோ வரை இருக்கும். அது நேராக நிற்கும்வரை கழுத்துக்குப் பெரிய வேலை இல்லை. முன்னால் தொங்க ஆரம்பித்தால் கழுத்தின் பின்தசைகள் முழு நேரமும் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதோடு முடிவதில்லை. பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று கிட்டாரின் முன்பலகையை முகத்தை நோக்கி மேலே சாய்ப்போம். உடனே கம்பிகள் கைக்கு எட்டாமல் தள்ளிப் போகும், எட்டிப் பிடிக்க இடது மணிக்கட்டு இன்னும் மடங்கும். உன் கழுத்துவலியும் மணிக்கட்டு வலியும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று நான் நினைப்பது இதனால்தான்.

முன்பலகை ஏறக்குறைய செங்குத்தாக நிற்கட்டும். அப்போது உனக்குத் தெரிவது நெக்கின், அதாவது கிட்டாரின் நீண்ட கழுத்தின், மேல்விளிம்பும் தடித்த ஆறாவது கம்பியும்தான். அது போதும். அந்த விளிம்பில் 3, 5, 7, 9, 12ஆம் ஃப்ரெட்டுகளுக்கு (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டங்களுக்கு) நேராகச் சிறு புள்ளிகள் இருக்கும், பார். அவை கேட்பவருக்காக வைத்தவை அல்ல, வாசிப்பவருக்காக வைத்தவை. தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தினாலே தெரியும். கார்ட் மாற்றும் பயிற்சியைக் கண்ணை மூடிக்கொண்டு செய். முதல் சில நாள் தப்பான இடத்தில் விரல் விழும், பரவாயில்லை. வரிகளை எழுதிவைத்திருக்கும் நோட்டு மடியிலோ கட்டிலிலோ இருக்க வேண்டாம். கண் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, நேர் எதிரே ஸ்டாண்டில் இருக்கட்டும்.

நாற்காலியைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. சோபாவும் கட்டிலும் வேண்டாம், கைப்பிடி உள்ள நாற்காலியும் வேண்டாம், சக்கரம் வைத்ததும் வேண்டாம். தட்டையான, உறுதியான இருக்கை. அதன் முன்பாதியில் உட்கார். முழங்காலைவிட இடுப்பு கொஞ்சம் உயரமாக இருப்பது நல்லது. இடுப்பு தாழ்ந்தால் இடுப்பெலும்பு பின்னால் உருண்டு, கீழ்முதுகின் இயல்பான வளைவு போய்விடும். சோபாவில் நடப்பது இதுதான். உட்கார்ந்தபடி இரண்டு உள்ளங்கைகளையும் பின்புறத்துக்கு அடியில் வைத்துப் பார். இரண்டு எலும்பு முனைகள் கையில் குத்தும். எடை அந்த இரண்டின் மேலும் சமமாக இறங்க வேண்டும். நீ குள்ளம், பாதம் தரையில் முழுசாகப் படியவில்லை என்றால் இரண்டு காலுக்கும் அடியில் ஒரே உயரப் பலகை போட்டுக்கொள்.

யாரோ கம்பம் மாதிரி நிமிர்ந்து உட்காரச் சொன்னதாக எழுதியிருந்தாய். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விறைத்து உட்கார்வதும் தசைக்கு வேலைதான். ஒரே நிலையில் இறுகி நிற்கும் தசைக்குள் ரத்தம் தாராளமாக ஓடாது, சீக்கிரம் களைத்துப்போகும். நல்ல இருக்கை என்றால் அதில் அசைய முடிய வேண்டும். முன்னும் பின்னும் லேசாக ஆடினாலும் கிட்டார் கூடவே வர வேண்டும்.

இப்போது அந்தக் கிட்டாருக்கு வருகிறேன். நீ சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது ட்ரெட்நாட் வகை. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1916இல் முதன்முதலில் செய்த வடிவம், ஒரு போர்க்கப்பலின் பெயரை வைத்தார்கள். அடிப்பக்கம் கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர் அகலம், தடிமன் 12 சென்டிமீட்டர். உன் பையன் ஆறடி, அவனுக்குச் சரி. உன் அளவுக்கு அந்தப் பெட்டியைத் தாண்டிக் கை போக வேண்டுமென்றால் வலது தோள் காதை நோக்கி ஏறியே ஆக வேண்டும். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பார், இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருக்காது என்று நினைக்கிறேன். இது உன் குறை இல்லை, பெட்டியின் அளவுதான் காரணம். முடிந்தால் தடிமன் குறைந்த, இடை ஒடுங்கிய சிறிய கிட்டார் ஒன்றை எங்காவது மடியில் வைத்துப் பார்த்துவிட்டு வா. பெரிய கிட்டாரோடு மல்லுக்கட்டுவதில் எந்தப் பெருமையும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அதுவரைக்கும் கிட்டாரைத் தோளில் மாட்டும் ஸ்ட்ராப் போட்டுக்கொள். உட்கார்ந்து வாசிக்கும்போது எதற்கு ஸ்ட்ராப் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கிட்டாரைத் தாங்கும் வேலையைத் தோளும் முதுகும் சேர்ந்து எடுத்துக்கொண்டால் இரண்டு கைகளும் விடுதலை அடையும், அதற்குத்தான். நின்றாலும் உட்கார்ந்தாலும் கிட்டார் ஒரே உயரத்தில் இருக்கும்படி நீளத்தைச் சரிசெய். தலைப்பகுதி உன் தோளுக்குக் கொஞ்சம் மேலே வரும்படி நெக் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். தரைக்கு இணையாகப் பிடித்தால் இடது கை கீழே இறங்கி மடங்கும். வலது முழங்கைக்குச் சற்று முன்னால், முன்கையின் சதைப்பகுதி பெட்டியின் விளிம்பில் இளைப்பாற வேண்டும். விளிம்பு அழுத்தி வலித்தால் மெல்லிய துணியை மடித்து வை.

இந்தத் தாங்கும் பிரச்சினைக்கு இருநூறு ஆண்டுகளாகத் தீர்வு தேடிக்கொண்டே இருக்கிறார்கள், தெரியுமா? ஸ்பெயினின் கிட்டார் கலைஞர் தியோனிசியோ அகுவாதோ கிட்டாரை உடம்பிலிருந்து விலக்கி நிறுத்த ஒரு முக்காலித் தாங்கியே உருவாக்கினார். 1843இல் அவர் வெளியிட்ட பயிற்சி நூலில் அது இருக்கிறது. பிறகு கிட்டார் செய்பவரான தோரெஸ் பெரிய பெட்டியுடன் கிட்டார் செய்ய, கலைஞர் தாரெகா இடது காலைச் சிறு பலகை மேல் தூக்கி வைத்து வாசித்தார். கிளாசிகல் கிட்டார் உலகமே அதைப் பின்பற்றியது. அந்தப் பலகைக்கும் விலை உண்டு: ஒரு கால் மட்டும் உயர்ந்தால் இடுப்பெலும்பு சரியும், மணிக்கணக்காக அப்படி இருந்தால் கீழ்முதுகின் ஒரு பக்கம் இறுகும். அதனால்தான் இன்று பலரும் இரண்டு பாதத்தையும் தரையில் வைத்து, தொடைக்கும் கிட்டாருக்கும் நடுவில் ஒரு தாங்கி அல்லது மெத்தை வைக்கிறார்கள். பால் கால்பிரெய்த் என்ற கலைஞர் இன்னும் ஒரு படி மேலே போய், கிட்டாருக்கு அடியில் ஓர் உலோகக் கம்பி பொருத்தி செல்லோ என்ற பெரிய வயலின் போல நிறுத்தியே வாசிக்கிறார். இவ்வளவு பெரிய கலைஞர்களே தங்கள் உடம்புக்கு ஏற்ப வாத்தியத்தை மாற்றியிருக்கும்போது நாம் எதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

மணிக்கட்டு விஷயத்தைக் கொஞ்சம் கவனமாகப் படி. விரல்களை மடக்கும் தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் மணிக்கட்டில் ஒரே குறுகிய வழியாகப் போகின்றன. மணிக்கட்டை மடக்கி வைத்து அழுத்தவும் செய்தால் அந்த வழிக்குள் நெருக்கடி கூடும். முன்கையும் புறங்கையும் கூடுமானவரை ஒரே கோட்டில் இருக்கட்டும். நெக்கின் பின்னால் கட்டைவிரல் இடுக்கி போல நசுக்குகிறதா என்று பார்க்க, கட்டைவிரலை எடுத்துவிட்டு ஒரு கார்ட் பிடி. கையின் எடையும் முழங்கையின் மெல்லிய இழுப்பும் கம்பியை அழுத்தப் போதுமானவை என்பது தெரியும். கம்பிகள் நெக்கின் பலகையிலிருந்து ரொம்ப உயரமாக நின்றால் இதுகூட உதவாது. நாள்பட்டுக் கிடந்த கிட்டார் என்பதால் விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்து உயரத்தைக் குறைக்கச் சொல், மெல்லிய கம்பி போடச் சொல். ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் பார் கார்டை இப்போதே முதல் ஃப்ரெட்டில் பிடிக்கப் போராட வேண்டாம். மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடு. அதற்கு அடுத்த ஃப்ரெட்டின் அகலம் முதல் ஃப்ரெட்டின் 36 மில்லிமீட்டரிலிருந்து 30 சொச்சமாகக் குறைந்துவிடும், கையும் உடம்புக்கு நெருங்கி வரும்.

கால் மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து கையைத் தொங்கவிட்டு நடந்துவிட்டு வா. கடினமான இடம் வரும்போது மூச்சைப் பிடிக்கிறாயா, பல்லைக் கடிக்கிறாயா என்றும் பார். டேவிட் லைஸ்னர் என்ற அமெரிக்கக் கலைஞருக்கு வலது கை விரல்கள் சொன்னபடி கேட்காமல் போய், பல ஆண்டுகள் அந்தப் போராட்டத்திலேயே இருந்தார். தோள், மேற்கை ஆகிய பெரிய தசைகளை வேலைக்கு அழைத்து, விரல்மேல் இருந்த சுமையைக் குறைத்துத்தான் மீண்டு வந்தார். உனக்கு அப்படி ஆகும் என்று பயமுறுத்தவில்லை. தோளிலிருந்து விரல்வரை ஒரே வேலை நடக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தசை களைப்பு ஒரு நாள் ஓய்வில் சரியாகும். விரல் மரத்துப்போவது, கூசுவது, இரவில் கை மரத்து விழிப்பு வருவது வேறு விஷயம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டு நரம்பு. மோதிர விரலும் சுண்டுவிரலும் என்றால் முழங்கைப் பக்கத்து நரம்பாக இருக்கலாம். அப்படி ஏதாவது இருந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார். "இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம்" என்று நீ தள்ளிப்போடும் ஆள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம். நான் ஓய்வு பெற்றதிலிருந்து மாலையில் சில பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன், அதுதான் இப்போது என் நாளின் நல்ல பகுதி. ரேவதியிடம் பேசினேன், பேத்தி பிறந்திருக்கிறாள், உன்னிடமும் சொல்லச் சொன்னாள்.

நீ வாசிப்பதை வலது பக்கத்திலிருந்து இரண்டு நிமிடம், நேர் எதிரிலிருந்து இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து அனுப்பு. முகம் வர வேண்டியதில்லை. இடுப்பும் இரண்டு தோளும் இரண்டு பாதமும் தெரிந்தால் போதும். எந்தப் பாட்டில் தொடங்கியிருக்கிறாய், எந்தச் சுருதியில் பாடுகிறாய் என்றும் எழுது. கேப்போ வைத்து உன் குரலுக்கு ஏற்ற, கைக்கும் சுலபமான கார்டுகளை எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
சாந்தி