மாறுகண்ணுக்கு ஒரு கெடு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்கப் பள்ளியில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். இரண்டாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு சிறுமி, கரும்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பாள். ‘நேராக உட்கார்ந்து பார்’ என்று அவளை எத்தனையோ முறை அதட்டியிருக்கிறேன். மாறுகண் உள்ள பிள்ளைகளில் சிலர், இரண்டு கண்ணும் ஒரே பொருளில் பதியவேண்டும் என்பதற்காகவே தலையை அப்படித் திருப்பிக்கொள்வார்கள் என்பது, பல ஆண்டுகள் கழித்து என் பேரனைக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பேரனுக்கு அப்போது 3 வயது. படப் புத்தகத்தை உற்றுப் பார்த்தால் வலக்கண் மூக்குப் பக்கம் ஓடிவிடும். மாறுகண் அதிர்ஷ்டம் என்றார் ஒரு உறவினர். வளர வளரச் சரியாகிவிடும் என்றார் இன்னொருவர். பிறந்து மூன்று நான்கு மாதம் வரை குழந்தையின் கண் அவ்வப்போது விலகி நிற்பது இயல்பு என்பதும், மூக்குத்தண்டு அகன்றிருக்கும் குழந்தைகளுக்கு இல்லாத மாறுகண் இருப்பதுபோலத் தோன்றும் என்பதும் உண்மைதான். ஆனால் நான்கு மாதத்துக்குப் பிறகும் கண் விலகினால், அது தோற்றமா நோயா என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர்; வீட்டுப் பெரியவர்கள் அல்லர், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒவ்வொரு கண்ணையும் 6 தசைகள் அசைக்கின்றன. இரண்டு கண்ணும் ஆளுக்கொரு திசையில் பார்த்தால் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். அந்தக் குழப்பத்தைத் தாங்காத பிஞ்சு மூளை, விலகிய கண் அனுப்பும் படத்தை ஒதுக்கிவிடுகிறது. நாளடைவில் அந்தக் கண்ணில் பார்வையே வளராமல் நின்றுபோகும். இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள். ஏறத்தாழ 7, 8 வயது வரை இதைத் திருத்துவது எளிது. அதன் பிறகு நாள் கடக்கக் கடக்கப் பலன் குறைந்துகொண்டே போகும். வளர்ந்தவர்களுக்கும் அறுவை சிகிச்சையால் கண்ணை நேராக்க முடியும் என்றாலும், பிள்ளைப் பருவத்தில் வளராமல் போன பார்வையை அந்த வயதில் மீட்பது கடினம்.

மாறுகண் என்றாலே கத்தி என்று அஞ்சிச் சிலர் மருத்துவரிடமே போவதில்லை. பேரனுக்குக் கத்தி தேவைப்படவில்லை. மருந்து விட்டுக் கண்மணியை விரியச் செய்து சோதித்ததில், தூரப்பார்வைக் குறை (கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண் திணறும் குறை) இருப்பதும், கிட்டத்தில் பார்க்கக் கண் படும் சிரமமே அதை உள்நோக்கி இழுப்பதும் தெரிந்தது. கண்ணாடி போட்ட சில வாரங்களில் கண் நேரானது. கழற்றினால் மறுபடி ஓடும், அதனால் குளிக்கும்போதும் தூங்கும்போதும் தவிர மற்ற நேரமெல்லாம் கண்ணாடிதான். (பெண் குழந்தையாக இருந்திருந்தால் ‘இந்த வயதில் கண்ணாடியா’ என்று வீட்டிலேயே தடை வந்திருக்கும் என்பது என் எண்ணம்.)

பார்வை குன்றிய வலக்கண்ணுக்கு வேலை கொடுக்க, நல்ல கண்ணை நாள்தோறும் 2 மணி நேரம் ஒட்டுப் போட்டு மூடச் சொன்னார்கள். சிகிச்சையில் கடினமான பகுதி இதுதான். கண்ணாடியின் மேல் ஒட்டினால் பிள்ளை இடுக்கு வழியே பார்த்துவிடும் என்பதால் தோலின் மேலேயே ஒட்ட வேண்டும். முதல் வாரம் முழுக்க அழுது பிய்த்தெறிந்தான். பிறகு முறத்தில் அரிசியைப் பரப்பி, கல் பொறுக்கினால் ஒரு கல்லுக்கு ஒரு வேர்க்கடலை என்று பேரம் பேசினேன். இல்லாத கல்லை நானே போட்டு வைத்ததும் உண்டு. எட்டு மாதம் இப்படியே ஓடியது.

அறுவை சிகிச்சை தேவைப்படும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று: கண்ணை வெளியே எடுத்து வைப்பதில்லை. மயக்க மருந்து கொடுத்து, கண்ணுக்கு வெளியே இருக்கும் தசையைத் தளர்த்துகிறார்கள் அல்லது இறுக்குகிறார்கள், அவ்வளவே. அதன் பிறகும் கண்ணாடியோ ஒட்டோ தொடர வேண்டியிருக்கலாம்.

இனி, என் கோரிக்கை. தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறையும் மருத்துவக் குழு பரிசோதிக்க வேண்டும். நான் பார்த்த முகாம்களில் பிள்ளையின் உள்ளங்கையாலேயே ஒரு கண்ணை மூடச் சொல்வார்கள். விரல் இடுக்கில் பார்த்து, பார்வையைச் சோதிக்கும் எழுத்துப் பலகை முழுவதையும் அது ஒப்பித்துவிடும். மூடும் அட்டைக்கு என்ன செலவாகிவிடப் போகிறது? அட்டையால் ஒவ்வொரு கண்ணாக மறைத்துப் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். பலகை படிக்கத் தெரியாத வயதிலும் வழி இருக்கிறது: ஒரு கண்ணை மறைத்தால் பேசாமல் இருக்கும் குழந்தை மற்றதை மறைத்தால் மட்டும் சிணுங்கிக் கையைத் தட்டிவிடுமானால், மறைக்காத கண்ணில் பார்வை குறைவோ என்று சந்தேகிக்க வேண்டும். ஒன்றரை வயதுத் தடுப்பூசிக்கு வரும்போதே கிராம சுகாதார செவிலியர் இதைச் செய்துவிடலாம். பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதையும் அவர் தாய்மார்களிடம் சொல்லவேண்டும். அது கண்ணுக்குள் வளரும் புற்றுநோயின் அடையாளமாக இருக்கக்கூடும், மாறுகண்ணாகவும் அது முதலில் தலைகாட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
விருத்தாசலம்.