நடைபாதையில் சைக்கிள் மெக்கானிக்குக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் புதிய நடைபாதைகள் போடும்போது, தெருவோரத்தில் உட்கார்ந்து சைக்கிள் பழுது பார்ப்பவர்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டும், ஸ்டாண்டு வேண்டும் என்று பலரும் எழுதுகிறார்கள். நல்ல விஷயம்தான். நான் கேட்பது அதைவிடச் சின்னது, மரத்தடியில் ஒரு தகரப் பெட்டி வைக்க இடம். ஏன் என்று புரிய என் வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்தில் இரும்பு கடையும் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் வாரத்தில் சில நாள் அங்கே ஒரு நண்பரின் லேத் பட்டறைக்குப் போய்வருகிறேன். வில்லிவாக்கத்திலிருந்து பாடி வழியாக அங்கே போவதற்கும், மார்க்கெட்டுக்கும், ரேஷன் கடைக்கும் எனக்கு ஒரே வண்டிதான். அது 1970களில் பிரான்சில் செய்த பூஜோ ரேஸ் சைக்கிள். புதுச்சேரியில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் மனைவியின் தம்பி, ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது கிணற்றடியில் கிடந்ததை எடுத்து வைத்து, “இரும்புக்குப் போடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாருங்க மாமா” என்று போன் செய்தான். பார்த்தேன். துருவுக்கு அடியில் குழாய் நல்ல குழாய். முன்னால் சிங்க முத்திரை அப்படியே இருந்தது. கார் செய்யும் அதே பூஜோதான். காருக்கு முன்பே, 1882-லேயே சைக்கிள் செய்ய ஆரம்பித்தவர்கள். அதற்கும் முன்னால் ரம்பம் செய்தார்கள், சிங்கம் வந்ததே ரம்பத்துக்காகத்தான். லேத்துக்காரனுக்கு இதெல்லாம் கொஞ்சம் பிடிக்கும், மன்னிக்கவும்.

பார்வைக்கு நம் ஊர் சைக்கிள் போலத்தான் இருக்கும். ஆனால் ஒரு மரையும் பொருந்தாது. நம் சைக்கிள்கள் இங்கிலீஷ்காரன் அளவில் வந்தவை, அங்குலத்துக்கு இத்தனை மரை என்று கணக்கு. பிரெஞ்சு வண்டியில் எல்லாம் மில்லிமீட்டர். நம் சைக்கிளில் செயின் பக்கத்து பிபி கப்பு, அதாவது இரண்டு பெடல் கைகளையும் இணைக்கும் அச்சைத் தாங்கும் கிண்ணம், இடது மரை, எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். மிதிக்க மிதிக்கக் கழன்று வராமல் இருக்க அப்படி வைத்தார்கள். பிரெஞ்சுக் கப்பு 35 மி.மீ. விட்டம், 1 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி), இரண்டு பக்கமும் வலது மரை. பழக்க தோஷத்தில் நம் வண்டி மாதிரி நினைத்துக் கழற்றப் போனால் இன்னும் இறுகிக்கொள்ளும்.

அப்படித்தான் நடந்தது. பெரிய கண்ணாடி ஷோரூம் ஒன்றில் கொண்டுபோய் விட்டேன். டி-ஷர்ட் போட்ட தம்பி கப்பை நன்றாக இறுக்கிவிட்டு, “ஜாமாயிடுச்சு சார், ஃபிரேம் வேஸ்ட், புதுசு பாத்துடுங்க” என்றார். புதிதின் விலைப்பட்டியலும் கையில் தயாராக இருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் தெருக்கோடியில் பூவரசு மரத்தடியில் கடை போட்டிருந்த பாயிடம் வந்தேன். அவர் முதலில் ஸ்பேனரை எடுக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியால் இரண்டு தட்டு தட்டி, காது கொடுத்துக் கேட்டார். அப்புறம் நம் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக லேசாக ஒரு அழுத்து. “இது வேற ஜாதி சார், இந்தாண்ட திரும்புது” என்றார். பிறகு நான் பட்டறையிலிருந்து பிட்ச் கேஜ் கொண்டுவந்து வைத்துப் பார்த்தபோது ஒரு மில்லிமீட்டர் சரியாக உட்கார்ந்தது. கேஜ் இல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. திரும்பப் போடும்போது ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டி இறுக்கினார். இன்றுவரை அசையவில்லை.

மற்றதெல்லாம் கூட்டு வேலை. கிராங்கை, அதாவது பெடல் கையை, அச்சோடு பிடிக்கும் காட்டர் பின் நம் ஊரில் 9.5 மி.மீ., இந்த வண்டிக்கு 9 மி.மீ. நான் லேத்தில் கடைந்து கொடுத்தேன், சாய்வுப் பக்கத்தைப் பாய் அரத்தால் ராவி ராவிப் பொருத்தினார். பெடல் மரை அங்கே 14 மி.மீ., நமக்கு 9/16 அங்குலம், அதாவது 14.29. கிராங்கில் மரை வெட்டும் டேப் ஒன்றை ஓட்டினோம், நம் ஊர் பெடல் ஏறிவிட்டது. கியர் மாற்றும் பாகம் சிம்ப்ளெக்ஸ் கம்பெனி டெல்ரின் பிளாஸ்டிக்கில் செய்தது. கையில் எடுத்தபோதே நொறுங்கியது. போகட்டும் என்று விட்டேன். சென்னை தட்டையான ஊர், என் பாதையில் ஏற்றம் என்றால் பாடி மேம்பாலம் ஒன்றுதான். ஒற்றைப் பல்சக்கரம் போதும்.

பின்சக்கரம்தான் படுத்திவிட்டது. நம் ஃப்ரீவீல் (செயின் ஓடும் பின் பல்சக்கரம்) பிரெஞ்சு ஹப்பில் (சக்கரத்தின் நடு உருளை) ஏறுவது போலப் பாவனை காட்டும், மிதித்தால் மரையைத் தின்றுவிடும். சரி, நம் ஹப்பையே போடலாம் என்றால், நம் சாதா சைக்கிளுக்கு முன்னால் 32 கம்பி, பின்னால் 40. பிரெஞ்சு ரிம்மில் முன்னும் பின்னும் 36 துளை. யாரோ உடைத்துப் போட்ட கியர் சைக்கிளிலிருந்து 36 துளை ஹப் ஒன்றைப் பாய் தேடிக் கொண்டுவந்தார். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கம்பி பின்னி, பெண்டு எடுத்துக் கொடுத்தார். அந்தக் கை எந்த ஷோரூமிலும் விலைக்குக் கிடைக்காது. டயருக்கு மட்டும் காலம் கைகொடுத்தது. ரிம் 700சி அளவு, 622 மி.மீ. நம் பழைய 28 அங்குல டயர் 635, அது உட்காராது. ஆனால் இன்றைய ஹைபிரிட் சைக்கிள்கள் பெரும்பாலும் 700சி என்பதால் எந்தக் கடையிலும் டயர் கிடைக்கிறது.

குறையும் உண்டு. குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பேருக்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில் நான் மெதுவாகத்தான் போவேன். காய்ந்த நாளில் அதன் மாஃபாக் கம்பெனி பிரேக் ஊரையே கூப்பிடுகிற மாதிரி கத்தும். பிரேக் கட்டையின் முன்முனை முதலில் தொடும்படி பாய் கொஞ்சம் வளைத்துவிட்ட பிறகு அடங்கியது.

கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு எல்லாம் மாட்டி, வளைந்த ஹாண்டில்பாரைக் கழற்றி நேரானது போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஈசிஆர் போகும் பையன்கள் சிக்னலில் பார்த்துவிட்டு, “அங்கிள், வின்டேஜ் வண்டியை இப்படிப் பண்ணிட்டீங்களே” என்று வருத்தப்படுவார்கள். பூஜோவின் பிஎக்ஸ்-10 மாதிரி ரெனால்ட்ஸ் 531 என்ற உயர்ரக எஃகுக் குழாய் போட்ட அசல் பந்தய வண்டியாக இருந்தால் நானும் கை வைத்திருக்க மாட்டேன். இது ஏராளமாகச் செய்து விற்ற சாதாரண மாடல். பத்து கிலோ அரிசி மூட்டை ஏற்றினால் அதற்கு ஒன்றும் அவமானம் இல்லை. இந்தக் கோலத்தில் திருடனும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் நடைபாதை புதுப்பித்தபோது பாயின் பெட்டியைத் தூக்கச் சொல்லிவிட்டார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. வேலை முடிந்தபின் அந்த இடத்தில் இப்போது இரண்டு கார்கள் நிற்கின்றன. அவற்றை யாரும் தூக்கச் சொல்லவில்லை.

2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் காய்கறி, பூ, இட்லி விற்பவர்களுக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். தெருவில் மக்களுக்குச் சேவை செய்து பிழைப்பவர்களும் அதில் வியாபாரிகள்தான். செருப்புத் தைப்பவர், பூட்டுச் சாவி செய்பவர், பஞ்சர் ஒட்டுபவர் எல்லாரும் அடக்கம். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது கணக்கெடுக்க வேண்டும், அப்புறப்படுத்துவதானால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அதே 2014-இல்தான் சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை என்று ஒரு கொள்கையையும் ஏற்றுக்கொண்டது. சைக்கிளுக்கு முன்னுரிமை, அதைப் பழுது பார்ப்பவருக்கு இடமில்லை என்றால் எப்படி?

என் வண்டியை விடுங்கள், எனக்கு நண்பரின் லேத் இருக்கிறது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. அதில் காற்று இறங்கினால் அந்தப் பெண் பிள்ளை எங்கே தள்ளிக்கொண்டு போவாள்? பக்கத்தில் மெக்கானிக் இல்லாததால் மாடிப்படிக்கு அடியில் நின்றுவிட்ட சைக்கிள்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

அடுத்த கணக்கெடுப்பில் சைக்கிள் மெக்கானிக்குகளையும் தேடிப் போய்ப் பெயர் எழுத வேண்டும். நடைபாதைக்கு வரைபடம் போடும்போதே மரம் இருக்கிற இடமாகப் பார்த்து, ஆறடிக்கு நாலடி ஒதுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தால் ட்யூபில் ஓட்டை பார்க்கச் சௌகரியம். அந்தச் சட்டப்படி அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் இருப்பவர்கள் இதைப் படித்தால், பூவரசு எந்தத் தெருவில் இருக்கிறது என்று நானே வந்து காட்டுகிறேன். சைக்கிளில்தான் வருவேன், மழை இல்லாத நாளாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர்,
வில்லிவாக்கம், சென்னை