பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்கு

மதுரை,
செவ்வாய் இரவு

அன்பு மகள் கயலுக்கு,

நீங்கள் வாங்கப்போகும் பழைய காரைப் பற்றி நேற்று போனில் நாற்பது நிமிடம் பேசியும் பாதிதான் முடிந்தது. நடுவில் கதிர் போனைப் பிடுங்கி, "தாத்தா, சிவப்புக் கார்" என்றான். அவன் முடிவு செய்துவிட்டான். மாப்பிள்ளைக்கு மைலேஜ், உனக்கு ஆறு லட்சத்துக்குள் முடிய வேண்டும், உன் அத்தைக்கு முட்டி வலிக்காமல் ஏறி இறங்க வேண்டும். இத்தனை பேருக்கும் சேர்த்துப் பேசினால் வாய்தான் வலிக்கும் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதி அனுப்பினால் மாப்பிள்ளையும் படிப்பார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருடம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக அலைந்து நான் பார்த்த கார்கள் எல்லாம் அடிபட்ட கார்கள். புதுக் காரைப் பார்த்தாலும் அது நசுங்கினால் எங்கே மடங்கும் என்றுதான் என் கண் தேடும். உன் அம்மா இதற்காக என்னைத் திட்டாத நாள் இல்லை. அதனால் என் பேச்சில் ஒரு பக்கச் சாய்வு இருக்கத்தான் செய்யும். கழித்துக்கொண்டு படி.

மைலேஜில் தொடங்குகிறேன். உங்கள் ஓட்டம் எவ்வளவு? ஆபீஸ், கதிரின் பள்ளி, கடை கண்ணி, மாதம் ஒருமுறை பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாக இங்கே வந்து போவது. எல்லாம் சேர்த்து மாதம் 1,000 கிலோமீட்டர், வருடம் 12,000 என்று வை. லிட்டருக்கு 15 கொடுக்கும் கார் 800 லிட்டர் குடிக்கும். 18 கொடுக்கும் கார் 667 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 13,300 ரூபாய் வித்தியாசம், அதாவது மாதம் ஆயிரத்து நூறு. கசக்கிற தொகை இல்லைதான். ஆனால் அந்த மூன்று கிலோமீட்டருக்காக விலையில் ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்தால், போட்ட பணம் திரும்பி வர ஏழரை வருடம் ஆகும். அதற்குள் கதிர் ஐந்தாம் வகுப்பு தாண்டிவிடுவான். கம்பெனி சொல்லும் மைலேஜ் சோதனைக்கூடத்தில் எடுத்தது என்பதையும் மாப்பிள்ளைக்கு நினைவுபடுத்து. ஏசி போட்டுக்கொண்டு காந்திபுரம் சிக்னலில் நின்று எடுத்த கணக்கு இல்லை அது.

நீ படம் அனுப்பிய மூன்று கார்களில் 2017 டீசல் எர்டிகாவை நான் பாதி மனதோடுதான் ஒதுக்குகிறேன். அந்த 1248 சிசி டீசல் இன்ஜின் ஃபியட்டின் வடிவமைப்பு. எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். 2020 ஏப்ரலோடு மாருதி டீசலையே நிறுத்திவிட்டதால் பழைய டீசல் எர்டிகாவுக்கு இன்னும் கிராக்கி இருக்கிறது. வருடம் 25,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அது சரி. 12,000 ஓட்டத்துக்கு டீசலுக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண். ஏழு சீட் என்று மயங்கியிருக்கிறீர்கள். ஏழு பேர் வருடத்தில் எத்தனை நாள் போவீர்கள்? மூன்றாவது வரிசையைத் தூக்கி நிறுத்தினால் டிக்கியில் இரண்டு ஸ்கூல் பைக்கு மேல் வைப்பது கஷ்டம். பின்னாலிருந்து லாரி இடித்த ஏழு சீட் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். கடைசி வரிசைத் தலையணைக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே என் ஒரு கை அகலம்தான் இருக்கும். பேரனை அங்கே உட்கார வைக்க எனக்கு மனம் வராது.

அடுத்தது மாப்பிள்ளையின் செல்லம், சிஎன்ஜி என்ற அழுத்திய எரிவாயுவில் ஓடும் 2021 வேகன் ஆர். ஓட்டச் செலவில் மற்ற இரண்டும் அதன் கிட்டே வர முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். உன் அத்தைக்கும் அதுதான் பிடிக்கும். கூரை உயரம், சீட்டும் உயரம். குனியாமல், எம்பாமல், நாற்காலியில் உட்காருவது போல உட்காரலாம். ஆனால் டிக்கியைத் திறந்து பார், சிலிண்டர் படுத்திருக்கும். அம்மா இங்கிருந்து கட்டிக் கொடுக்கும் அரிசிப் பை, வடகம், கதிரின் தள்ளுவண்டி எல்லாம் யார் மடியில் வரும்? சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். 2021 வண்டி என்றால் 2024இல் செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கேள். அது கர்நாடகப் பதிவு வண்டி என்பதைப் படத்தில் கவனித்தாயா? விலை குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கிருந்து என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, மறுபதிவு செய்து முடிப்பதற்குள் அந்த மலிவு கரைந்துவிடும்.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். குளோபல் என்கேப் என்று ஒரு அமைப்பு இந்தியக் கார்களை மோதிப் பார்த்து ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் கொடுத்து வந்தது உனக்குத் தெரியும். 2014இல் முதல் முறை அவர்கள் ஐந்து சிறிய கார்களை மோதியபோது, ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள் ஐந்துக்கும் பூஜ்யம். 2019இல் மோதிய வேகன் ஆருக்கு 2 நட்சத்திரம். அதில் டிரைவருக்கு மட்டும்தான் ஏர்பேக் இருந்தது. முன் சீட் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம் என்ற விதி எல்லாப் புதிய கார்களுக்கும் முழுதாக வந்தது 2022 தொடக்கத்தில்தான். ஆகவே 2021 வண்டியில் பக்கத்து சீட்டுக்கு ஏர்பேக் உண்டா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எர்டிகாவுக்கு 3 நட்சத்திரம் என்று மாப்பிள்ளை சொன்னார். அது 2018 இறுதியில் வந்த புதிய வடிவத்துக்கு. 2017 வண்டிக்கு அந்த மார்க்கைப் போட முடியாது. அண்ணன் பாஸ் ஆனதற்குத் தம்பிக்குச் சான்றிதழ் கொடுப்பது போல ஆகிவிடும்.

மூன்றாவது, 2019 பெட்ரோல் நெக்ஸான். 2018 ஆகஸ்டில் அதற்கு 4 நட்சத்திரம். சில திருத்தங்கள் செய்து அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி சோதித்தபோது பெரியவர்கள் பாதுகாப்பில் 5, குழந்தைகள் பாதுகாப்பில் 3. இந்தியாவில் செய்த கார் ஒன்று ஐந்து வாங்கியது அதுதான் முதல் தடவை. குழந்தைக்கு 3 என்பதை நினைவில் வை. விளம்பரத்தில் அதைச் சொல்ல மாட்டார்கள். நகரத்துக்குள் பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும், அதற்கான கணக்கைத்தான் மேலே போட்டுக் காட்டினேன். டிக்கி 350 லிட்டர், ஒரு பெரிய பெட்டியும் தள்ளுவண்டியும் போகும். தரையிலிருந்து உயரம் என்பதால் உன் அத்தை கொஞ்சம் எம்ப வேண்டியிருக்கலாம். அவர்களையும் அழைத்துப் போய் மூன்று முறை ஏறி இறங்கச் சொல். "பரவாயில்லம்மா" என்று சொன்னால் நம்பாதே, இறங்கும்போது கதவைப் பிடிக்கும் கையைப் பார்.

காரைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். நீ பின் சீட்டில் உட்கார்ந்து பத்து நிமிடம் சுற்றி வா. கதிரும் அத்தையும் இருக்கப் போவது அங்கேதான். முன் சீட்டை மாப்பிள்ளையின் உயரத்துக்குத் தள்ளி வைத்த பிறகு உன் முட்டிக்கு இடம் இருக்கிறதா? பெல்ட்டின் பூட்டு சீட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கிறதா? சாய்மானமும் சீட்டும் சேரும் இடுக்கில் கையை விட்டுப் பார். இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்பட வேண்டும். குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி அதுதான். கதிரை மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்ற பேச்சே வேண்டாம். பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று சட்டமே இருக்கிறது. பின் சீட்டில் பெல்ட் எதற்கு என்று அத்தை கேட்டால், 2022 செப்டம்பரில் பால்கர் அருகே விபத்தில் இறந்த சைரஸ் மிஸ்திரியைச் சொல். டாடா குழுமத்துக்கே தலைவராக இருந்தவர், விலை உயர்ந்த கார். பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று போலீஸ் சொன்னது.

ஐந்து நட்சத்திரம் என்பது அடிபடாத காருக்கு. ஒருமுறை அடிபட்டு டிங்கரிங் செய்த காருக்கு எத்தனை நட்சத்திரம் என்று யாரும் சோதித்துச் சொல்வதில்லை. திண்டுக்கல் பக்கம் ஒரு விபத்துக் காரைப் பார்க்கப் போனேன். முன்பக்கம் நன்றாக நசுங்கியிருந்தது, ஏர்பேக் விரியவில்லை. புகார் எழுதத் தயாராகி, சந்தேகப்பட்டு ஸ்டியரிங் நடு மூடியைத் தூக்கினேன். உள்ளே காலி, கந்தல் துணி மடித்து வைத்திருந்தது. முந்தைய விபத்தில் விரிந்த ஏர்பேக்கை மாற்றாமல், மூடியை மட்டும் ஒட்டி, எச்சரிக்கை விளக்கு எரியாதபடி வயரில் ஏதோ ஒன்றைச் செருகி விற்றிருக்கிறார்கள். வாங்கிய மனிதருக்கு மூக்கும் இரண்டு பல்லும் போயின. உயிர் தப்பியது அவர் அதிர்ஷ்டம்.

ஆகவே சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கைப் பார். எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அங்கேயே சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடு. பானட்டைத் திறந்து, கீலில் இருக்கும் போல்ட்டுகளின் தலையைப் பார். கம்பெனியில் போல்ட்டை மாட்டிய பிறகுதான் பெயின்ட் அடிப்பார்கள். ஸ்பானர் பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்திருந்தால் பானட் ஒருமுறை கழன்றிருக்கிறது. கழன்றதே குற்றம் இல்லை, ஏன் என்று கேட்டுவிட்டு விற்கிறவர் முகத்தைப் பார். டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியையும் எடுத்துவிட்டு, தரைத் தகட்டைத் தடவிப் பார். ஓரங்களில் பொட்டு வைத்தது போலச் சமமாக வெல்டிங் புள்ளிகள் இருக்கும். அவை மேடும் பள்ளமுமாக இருந்தால் பின்னால் அடி வாங்கிய வண்டி. கதவுகளில் ஃபிரிட்ஜ் காந்தத்தைத் துணியில் சுற்றி ஒட்டிப் பார். பட்டி தடவிய இடத்தில் ஒட்டாமல் நழுவும்.

இன்னொன்று, தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்களைச் சென்னைக்கு அழைத்தார்கள். மூன்று வாரம் சேறு படிந்த கார்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்த நஷ்டம் என்று எழுதிக் கொடுத்த வண்டிகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று நினைக்கிறாய்? கழுவி, சீட் உறை மாற்றி, வாசனை தெளித்து வேறு ஊரில் விற்பார்கள். 2023 டிசம்பர் புயலில் மூழ்கியவையும் அப்படித்தான் எங்காவது ஓடிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் கழுவுகிறவன் சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துக் கழுவுவதில்லை. நீ கடைசி அங்குலம் வரை இழுத்துப் பார். சுருளின் அடியில் சேற்று நிறத்தில் ஒரு கோடு இருந்தால், தண்ணீர் எதுவரை ஏறியது என்று அந்தக் கோடே சொல்லிவிடும். சீட்டின் கீழே தண்டவாளம் போன்ற இரும்பில் துரு, டேஷ்போர்டுக்கு அடியில் வண்டல் வாடை, இதையும் பார்த்துக்கொள்.

டயர் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். மீட்டரில் 28,000 கிலோமீட்டர் காட்டுகிற வண்டியில் நான்கு டயரும் 2022இல் மாற்றியிருந்தால், ஒன்று மீட்டர் பொய் அல்லது ஓட்டியவர் முரடர். இரண்டும் நமக்கு வேண்டாம்.

காகித வேலை மாப்பிள்ளைக்கு நன்றாக வரும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்.சி.யில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்தது என்று காட்டும் படிவம் 35-உடன் வங்கியின் கடிதம் வந்த பிறகுதான் பணம். பெயர் மாற்ற 29, 30 படிவங்கள். இன்ஷூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் உன் பெயருக்கு மாற்று. விற்கிறவரின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காமல் இருந்ததற்கான பிரீமியச் சலுகை, வண்டியோடு வராது, அது அவருடையது. பழைய ஓனர் பெயரிலேயே இன்ஷூரன்ஸை வைத்து ஐந்து மாதம் ஓட்டிய ஒருவர் வண்டியை மரத்தில் மோதிவிட்டு என் முன்னால் நின்று அழுதிருக்கிறார். எதிராளிக்கான காப்பீடு வண்டியோடு வரும். சொந்த வண்டிச் சேதத்துக்கு ஒரு பைசா வாங்கித் தர என்னால் முடியவில்லை.

என்னைக் கேட்டால் நெக்ஸானை முதலில் பார்க்கலாம். அது தேறவில்லை என்றால் இன்னும் இரண்டு மாதம் பஸ்ஸில் வந்து போங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. சிவப்பாக இருந்தால் கதிருக்காக ஐயாயிரம் கூடக் கொடுக்கலாம், அதை மாப்பிள்ளையிடம் சொல்லாதே.

சனிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். பத்து மணிவாக்கில் சிங்காநல்லூரில் இறங்குவேன், யாரையாவது ஸ்கூட்டரில் அனுப்பு. அதற்குள் விற்கிறவர் "இன்னொரு பார்ட்டி வருகிறார்" என்று அவசரப்படுத்தினால் போகட்டும் என்று விடு, அட்வான்ஸ் கொடுக்காதே. வீட்டில் இருக்கும் டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டு வை. போன் வெளிச்சம் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கப் போதாது. பழைய பெட்ஷீட் ஒன்றும் வேண்டும்.

அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்து அனுப்புகிறாள்.

அன்புடன்,
அப்பா