என் மகளைக் கல்லூரிக்கு அனுப்பிவைத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

என் மகள் கம்யூனிட்டி காலேஜில் (குறைந்த கட்டணத்தில் முதல் இரண்டு வருடம் படிக்கும் அரசுக் கல்லூரி) இரண்டு வருடம் படித்து முடித்துவிட்டு, 2025 இலையுதிர் காலத்தில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர்ந்தாள். எங்கள் வீட்டில் யாருக்கும் இந்த நாட்டில் இருப்பதற்கான பேப்பர் கிடையாது. இத்தனை வருடம் இதை வெளியே சொன்னதில்லை. ஆனால் உதவி செய்தவர்களுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை. அதனால் பெயர், ஊர் எதுவும் போடாமல் எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

2008இல் என் கணவரின் வேலை விசாவில் வந்தோம். மகளுக்கு அப்போது மூன்று வயது. அடுத்த வருடமே வேலை போயிற்று, அதோடு விசாவும் போயிற்று. ஊருக்குத் திரும்ப முடியாததற்குப் பல காரணங்கள், அங்கே இருந்த கடனும் அதில் ஒன்று. சின்ன வயதில் வந்த, பேப்பர் இல்லாத பிள்ளைகளை நாடு கடத்தாமல் வேலை செய்ய விடும் டாக்கா (DACA) திட்டத்தை 2012இல் ஒபாமா அறிவித்தார். அதிலும் அவளுக்கு இடமில்லை. 2007 ஜூன் 15லிருந்தே அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆக, அவளிடம் வேலைக்கும் வரிக்கும் கேட்கிற சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இல்லை, வேலை செய்ய அனுமதியும் இல்லை. ஃபெடரல் அரசு, அதாவது மத்திய அரசு, ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பெல் கிராண்ட் உதவித்தொகை, கல்விக் கடன் எதற்கும் அவள் விண்ணப்பிக்க முடியாது. வகுப்பில் முதல் வரிசையில் நிற்கிற பிள்ளை. ஆனாலும் காலேஜ் பேச்சை வீட்டில் எடுக்கவே பயந்தோம்.

முதல் நன்றி எங்கள் அப்பார்ட்மென்டின் மாடி வீட்டில் இருக்கும் மெக்சிகோ அக்காவுக்கு. துணி துவைக்கிற அறையில் வைத்து, "பொண்ணுக்கு ஏபி 540 பாரம் கொடுத்தாச்சா?" என்று சாதாரணமாகக் கேட்டார். அவருடைய பெரிய பையன் அப்படிப் படித்தவன்தான். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நம் தமிழ் வட்டத்தில் யாரும் சொன்னதில்லை. விசாவில் இருப்பவர்களுக்கு அந்தத் தேவை வருவதில்லை, எங்களைப் போன்றவர்கள் வாயைத் திறப்பதில்லை. மெக்சிகோக்காரர்கள் மத்தியிலோ இது வாசலில் நின்று பேசுகிற பேச்சு. அக்கா காய்கிற துணியை அப்படியே விட்டுவிட்டு, தன் போனில் ஸ்பானிஷ் பக்கத்தைத் திறந்து, வரி வரியாகத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லித் தந்தார். அக்கா, இதை என் மகள் உங்களுக்குப் படித்துச் சொல்வாள்.

விஷயம் இதுதான். கலிபோர்னியா உயர்நிலைப் பள்ளியில் மூன்று வருடம் படித்துப் பட்டயம் வாங்கிய பிள்ளை, பேப்பர் இல்லாவிட்டாலும் இந்த மாநிலத்துப் பிள்ளைகள் கட்டும் கட்டணத்தையே கட்டினால் போதும். ஏபி 540 என்ற இந்தச் சட்டம் வந்தது 2001இல். தகுதி கிடைத்ததும் குடியேற்ற நிலையைச் சரிசெய்ய விண்ணப்பிப்பேன் என்று ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு தாள் இல்லையென்றால், 2025-26இல் சேர்ந்த என் மகள் வழக்கமான கட்டணத்துக்கு மேல் 37,602 டாலர் கட்ட வேண்டியிருந்திருக்கும். என் கணவர் சமையலறை வேலையில் வருடம் முழுக்கச் சம்பாதிப்பதே அவ்வளவு வராது.

அடுத்தது மகளுடைய பள்ளிக் கவுன்சிலர். கட்டணம் குறைந்தாலும் அதைக் கட்டவும் பணம் வேண்டுமே. அதற்கு, பேப்பர் இல்லாத பிள்ளைகள் மாநில அரசின் உதவிப் பணம் கேட்கும் கலிபோர்னியா ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம் இருக்கிறது என்று சொன்னவர் அவர். கணினி முன் உட்கார்ந்தபோது சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும் கட்டம் வந்தது. என் கை நடுங்கிவிட்டது. "காலியாக விட்டு அடுத்ததுக்குப் போங்க" என்றார். போனது. வீட்டு விலாசம் கேட்ட இடத்தில் என் கணவர் நிறுத்திவிட்டு, இது நாளைக்கு ஃபெடரல் ஆட்கள் கைக்குப் போகாதா என்று கேட்டார். கவுன்சிலர் மழுப்பவில்லை. "இது மாநில மாணவர் உதவி ஆணையத்துக்குப் போகிறது. கல்வி உதவிக்கு மட்டும்தான் என்று அவர்கள் சொல்கிறார்கள். நாளைக்கு என்ன நடக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. வீட்டில் பேசிவிட்டு வாங்க" என்றார். அப்படி உண்மையைச் சொன்னதால்தான் அவரை நம்பினோம். மறுநாள் விண்ணப்பத்தை அனுப்பினோம்.

கம்யூனிட்டி காலேஜில் யூனிட்டுக்கு 46 டாலர், அதுவும் வருமானத்தைப் பார்த்துத் தள்ளுபடியானது. இப்போது பல்கலைக்கழகக் கட்டணத்தை கேல் கிராண்ட் என்ற மாநில உதவித்தொகை பார்த்துக்கொள்கிறது. தங்க இடம்? அங்கேதான் நம் மனிதர்கள் வந்தார்கள். காலேஜுக்குப் பக்கத்தில் தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்த அண்ணாவும் அண்ணியும், "வாடகைப் பேச்சை எடுத்தா நாங்க பேசவே மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். தமிழ்ப் பள்ளி டீச்சர் ஒரு லேப்டாப் கொடுத்தார், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீச்சர், நீங்கள் கேட்காமல் இருந்தது எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்குத் தெரியாது.

நான் பார்த்தே இராதவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஏபி 540ஐக் கொண்டுவந்த சட்டசபை உறுப்பினர் மார்கோ ஃபயர்பா 2006இல் சின்ன வயதிலேயே இறந்துபோனார். இந்தப் பிள்ளைகளுக்கு உதவிப் பணமும் கிடைக்கக் கில் செடியோ என்ற இன்னொரு உறுப்பினர் கொண்டுவந்த மசோதாக்களை ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் திருப்பி அனுப்பினார். செடியோ விடாமல் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். கடைசியில் 2011இல் அடுத்த ஆளுநர் ஜெரி பிரவுன் கையெழுத்திட்டார். நடுவில் ஏபி 540ஐ எதிர்த்து ஒரு வழக்கு நடந்தது. வசிப்பிடத்தை அல்ல, பள்ளிப் படிப்பைத்தான் இந்தச் சட்டம் பார்க்கிறது, வெளி மாநிலம் போய்த் திரும்பிய குடியுரிமை உள்ள பிள்ளைகளும் இதில் பயன் பெறுகிறார்கள் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்புச் சொன்னது. பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தையும் மீறி, சட்டசபை வரை போய்த் தங்கள் நிலையை வெளிப்படையாகச் சொன்ன அந்தக் காலத்து மாணவர்களை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அவர்களில் எத்தனையோ பேர் படித்து முடித்த பிறகுதான் உதவிப் பணமே வந்தது.

டெக்சாஸிலும் 2001இலேயே இதே மாதிரிச் சட்டம் வந்தது. 2025 ஜூனில் ஃபெடரல் அரசு வழக்குப் போட்ட அன்றே அது முடிந்துபோனது. அதே வருடம் நவம்பரில் கலிபோர்னியா மீதும் ஃபெடரல் அரசு வழக்குப் போட்டது. அதனால் பயம் போய்விட்டது என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. ஆனாலும் பயந்து விண்ணப்பிக்காமல் இருந்திருந்தால் என் பொண்ணுக்கு இந்தப் படிப்பு கிடைத்திருக்காது.

எங்களைப் போல் வாயை மூடிக்கொண்டு இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே இன்னும் இருக்கும். வழக்கமாக ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம் அக்டோபரில் திறந்துவிடும். மார்ச் 2 கடைசி நாள். கம்யூனிட்டி காலேஜுக்கு செப்டம்பர் 2 வரை ஒரு வாய்ப்பு உண்டு. வழக்கு நடப்பதால் இப்போது நிலைமை என்ன என்று உங்கள் பள்ளிக் கவுன்சிலரையும் ஒரு குடியேற்ற வக்கீலையும் முதலில் கேளுங்கள். பாரம் நிரப்பத் தெரியவில்லை என்றால் டீச்சரிடம் சொல்லி அனுப்புங்கள். என் மகள் வந்து கூட உட்காருவாள்.

நன்றியுடன்,
ஓர் அம்மா